சிரிப்புக்குப் பத்தியம்

ஈர விரிப்புக்கும் காய்ந்த விரிப்புக்கும் உள்ள வித்தியாசம் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். விடுதிக் கட்டிலில் கிடக்கும்போது அது வெறும் துணி. மெஷினுக்குள் சுழன்று, வயிறு முட்டத் தண்ணீர் குடித்து, கூடப்பிறந்தவற்றோடு பின்னிக்கொண்டு கிடக்கும்போது அதை இழுத்து வெளியே போட்டுப் பாருங்கள். முதுகெலும்பு அம்மாவைக் கூப்பிடும்.

அந்தக் கூடத்தில் பெண்கள் ஜோடி ஜோடியாக வேலை செய்தார்கள். ஒரு ஜோடிக்கு ஒரு மெஷின். ஈரத்துணியை இறக்குவது, தள்ளுவண்டியில் போட்டு உலர்த்தியில் திணிப்பது, சுருக்கம் போகச் சூடான உருளையில் விட்டு எடுப்பது, இரண்டு முனையையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மடிப்பது என்று எல்லாமே இருவர் வேலை. வாசலை ஒட்டிய மெஷின் நெட்டைக்காவுக்கும் மெல்லம்மாவுக்கும் உரியது. இரண்டுமே கூடம் வைத்த பெயர்கள். நெட்டைக்காவுக்கு ஏன் அந்தப் பெயர் என்று பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். மெல்லம்மாவுக்குக் காரணம் வேறு. கதவைச் சாத்தினால் ‘மெல்ல’, கையைப் பிடித்தால் ‘மெல்ல’, யாராவது ஆசையாகத் தோளில் தட்டினாலும் ‘மெல்ல, மெல்ல’ என்பாள்.

அவளுக்கு முடக்குவாதம். விரல் கணுக்களிலும் மணிக்கட்டிலும் முழங்காலிலும் வந்து குடியேறியிருந்தது. காலி செய்கிற உத்தேசம் அதற்கு இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். மாத்திரை போட்டால் கொஞ்சம் அடங்கி உட்காரும், அவ்வளவுதான். ஆகவே அந்த ஜோடியில் ஈரத்தைத் தூக்குவது முழுக்க நெட்டைக்கா. மெல்லம்மா மேஜையில் அழுக்குத்துணி பிரிப்பாள், கிழிசல் பார்ப்பாள், மடிக்கும்போது முனையைப் பிடிப்பாள். இந்த ஏற்பாட்டை யாரும் எழுதி வைக்கவில்லை. நெட்டைக்காவே ஒருநாள், “நீ நகரு, நான் பார்த்துக்கறேன்” என்று ஆரம்பித்தது அப்படியே பல வருஷமாகிவிட்டது.

ஆனால் ஒருவர் நமக்காகச் சுமக்கும்போது நம் முகம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. மெல்லம்மா அதை நொந்து கற்றுக்கொண்டாள். ஆரம்பத்தில் ஒருநாள், வலி கொஞ்சம் ஓய்ந்திருந்த சந்தோஷத்தில், யாரோ சொன்ன கதைக்கு வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பக்கத்து மெஷின்காரி உடனே, “இன்னைக்கு நல்லாத்தானே இருக்கே, நீயே இறக்கேன், பாவம் அவளும் எத்தனை நாளைக்குத் தூக்குவா” என்றாள். ரோஷம் வந்து இறக்கினாள். அந்த வாரம் முழுக்கப் படுக்கை. அதற்குப் பிறகு கூடத்து வாசலை மிதிக்கும்போதே புருவத்தைச் சுருக்கி, உதட்டை இழுத்து, ஒரு முகத்தை எடுத்து மாட்டிக்கொள்வாள். சிரிப்பு வந்தால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். வலிக்கு மருந்து சாப்பிட்டாள், சிரிப்புக்குப் பத்தியம் இருந்தாள்.

இந்த லட்சணத்தில்தான் நீச்சல்குளம் வந்து சேர்ந்தது.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண், “தண்ணிக்குள்ள இறங்கி நடங்க, மூட்டுக்குப் பாரம் தெரியாது” என்று சொன்னாள். ஊரில் இருந்தது ஒரே குளம். வார விடுமுறைக் காலையில் அங்கே பெண்களுக்கென்று நேரம் ஒதுக்கியிருந்தார்கள். மெல்லம்மா முதல் தடவை கம்பியைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக, வைதுகொண்டே இறங்கினாள். இடுப்புவரை தண்ணீர் வந்தபோது முழங்கால் சத்தம் போடுவதை நிறுத்தியது. மார்புவரை வந்தபோது உடம்பு அவளைக் கேட்காமலே லேசாகிவிட்டது. கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு தன்பாட்டுக்குச் சிரித்தாள். காவலுக்கு நின்ற பெண் பயந்துபோய் எட்டிப் பார்த்தாள்.

நடக்கப் போனவள் மிதக்கக் கற்றாள், மிதந்தவள் காலை உதைக்கக் கற்றாள். மழைக்காலம் முடிவதற்குள் குளத்தின் அகலத்தை நிற்காமல் கடந்தாள். கரையேறியதும் வலி செருப்போடு செருப்பாக அங்கேயே காத்திருக்கும். இருக்கட்டும் என்று அதையும் மாட்டிக்கொண்டு வருவாள். அவள் சந்தோஷமாக இருந்தாள். கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு இருந்தாளா என்று சொல்ல முடியாது. புருஷன் முன்னால் அதைச் சொல்லவும் முடியாது.

புருஷன் இருசக்கர வண்டி மெக்கானிக். அவன் ஒருவனுக்குத்தான் விஷயம் தெரியும்.

“கூடத்துல சொல்லிடேன். என்னமோ திருடப் போற மாதிரி பையை மறைச்சு மறைச்சு எடுத்துட்டுப் போறே” என்பான்.

“நீந்தத் தெரிஞ்ச கைக்கு விரிப்பு தூக்கத் தெரியாதான்னு கேட்பாங்க.”

“தண்ணி உன்னைத் தூக்குது. விரிப்பை நீ தூக்கணும். ரெண்டும் ஒண்ணா?”

“இவ்வளவு விளக்கத்தையும் யாருங்க நின்னு கேட்கப் போறா? அக்காவுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்க? இவ கூத்தடிக்க நாம முதுகொடிய வேலை பார்க்கறோமேன்னு நினைக்க மாட்டாங்களா?”

பேசி ஜெயித்த அனுபவம் அவனுக்கு இல்லை.

கடைசியில் அவளைக் காட்டிக்கொடுத்தது அவள் கைதான். அன்றைக்குக் குளத்தில் முதல்முறையாக நீளவாக்கில் போய்விட்டாள். அந்தக் கிறுகிறுப்பிலேயே உடை மாற்றும் அறைக்கு வந்தாள். அங்கே குளத்துக்காரர்கள் கொடுத்த துண்டுகளைப் போடுவதற்குப் பெரிய கூடை ஒன்று இருக்கும். சலவைக்கூடத்துக் கை, ஈரத்துணி பட்டால் தானாகக் கூடையைத் தேடுகிற கை. துண்டோடு சேர்த்துத் தன் நீச்சல் கால்சட்டையையும் சுருட்டிப் போட்டுவிட்டு, தலையை வாரிக்கொண்டு வந்துவிட்டாள்.

வீட்டில் பையைத் திறந்தால் சீப்பும் சோப்பும்தான் இருந்தன.

“என்னங்க, கால்சட்டையைக் கூடையில போட்டுட்டேன்!”

“நல்லவேளை, வீட்டுக்கு உடுத்திட்டு வர வேண்டியதையும் அந்தக் கூடையில போடாம விட்டியே” என்றான் அவன்.

“சிரிக்காதீங்க. அந்தத் துண்டெல்லாம் எங்க வருதுன்னு தெரியுமா? எங்க கூடத்துக்கு! எங்க மேஜைக்கு!”

அவன் சிரிப்பு நின்றது. வண்டியை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனான். கூடை காலியாக இருந்தது. சலவை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போயிருந்தது.

வேறு யார் கையிலாவது கிடைத்தால் ஏதோ ஒரு கால்சட்டை என்று ஓரமாகப் போட்டுவிடுவார்கள். நெட்டைக்காவிடம் அந்தக் கதை செல்லாது. நாடா முடிச்சுப் போட மெல்லம்மாவின் விரலால் முடியாது என்று, வீட்டில் போட்டுக்கொள்ளத்தான் என்று அவள் சொன்னதை நம்பி, அந்தக் கால்சட்டையில் நாடாவை உருவிவிட்டு எலாஸ்டிக் வைத்துத் தைத்துக் கொடுத்தவளே நெட்டைக்காதான். விரிப்புகளில் அடையாளம் போடுகிற சிவப்பு நூலில், அவளுக்கே உரிய கோணல் தையல்.

“நாளைக்கு எல்லாருக்கும் முன்னாடி போய் எடுத்துடறேன்” என்றாள் மெல்லம்மா.

முன்னாடி போவது மற்றவர்களுக்குச் சுலபம். மெல்லம்மாவின் உடம்பு விடிந்ததும் எழுந்திருக்கிற உடம்பு இல்லை. காலையில் விரல்கள் மடங்கியபடியே கிடக்கும். வெந்நீர்ப் பாத்திரத்தில் கையை விட்டு, ஒவ்வொன்றாகக் கெஞ்சித் திறக்க வேண்டும். புருஷன் ரொட்டியை டீயில் தோய்த்து ஊட்டினான், சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டான். அவசரப்படுத்த அவசரப்படுத்தக் கால் இன்னும் முரண்டு பிடித்தது. வண்டியில் ஏறி உட்காரவே பாடாய்ப் படுத்திவிட்டது. அவள் கூடத்துக்குள் நுழைந்தபோது உருளைகள் சூடாகி ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது.

கால்சட்டை மேஜைமேல் இருந்தது. நாலாக மடித்து, சிவப்புத் தையல் மேலே தெரியும்படி வைத்திருந்தாள் நெட்டைக்கா.

“உன்னோடதுதானே?”

“ஆமாக்கா.”

“ம். வா, மடிக்கணும்.”

விரிப்பு மடிப்பது சண்டைக்காரர்கள் செய்யக்கூடிய வேலை இல்லை. ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தள்ளி நிற்க வேண்டும், பிறகு முனையோடு முனை சேர்க்க நேருக்கு நேராக நடந்து வர வேண்டும், மூச்சுக்காற்று படுகிற தூரத்தில் கையை மாற்றிக்கொண்டு மறுபடி விலக வேண்டும். அன்றைக்குப் பேச்சு முழுவதும் பக்கத்தில் வரும்போது மட்டும் நடந்தது.

“எத்தனை நாளா?” என்றாள் நெட்டைக்கா, முதல் மடிப்பில்.

“மழைக்கு முன்னாடியிலேர்ந்து.”

விலகினார்கள். உதறினார்கள். வந்தார்கள்.

“தண்ணியில சும்மா நிக்கறியா, நீந்தறியா?”

“நீந்தறேன்.”

“நல்லா நீந்துவியா?”

“சுமாரா” என்றாள் மெல்லம்மா. சொல்லும்போதே நேற்று நீளவாக்கில் போனது ஞாபகம் வந்து, அடக்க அடக்க உதட்டோரம் கொஞ்சம் மலர்ந்துவிட்டது.

நெட்டைக்கா விரிப்பை விடாமல் அங்கேயே நின்றாள். “பாரு, உன் மூஞ்சியை. இத்தனை வருஷத்துல இந்த மூஞ்சியை நான் பார்த்ததே இல்லைடி.”

“அக்கா, வலி பொய் இல்லைக்கா. சத்தியமா.”

“வலி பொய்னு நான் சொன்னேனா? நீ கதவுப்பிடியைப் பிடிக்க முடியாம நிக்கறதைக் கண்ணால பார்க்கறவ நான். மூஞ்சிதான் பொய். நான் வீட்டுக்குப் போய் உனக்காக அழுதிருக்கேன். ஐயோ, அந்தப் பொண்ணு ஒருநாள்கூட வாழ்க்கையில நிம்மதியா இல்லையேன்னு. என் வீட்டுக்காரர் கேலி பண்ணுவார். நீ என்னடான்னா அங்க போய் மீன் மாதிரி...” விரிப்பின் முனையை அவள் கையில் திணித்தாள்.

“சந்தோஷமா இருந்தா நீங்க தூக்க மாட்டீங்களோன்னு பயம்க்கா.”

“அப்படியா? அப்படியா என்னை எடை போட்டு வச்சிருந்தே?”

மெஷின் ஓடி முடிந்து கூவியது. நெட்டைக்கா போய்க் கதவைத் திறந்தாள். பாதி விரிப்புகளை இழுத்து வண்டியில் போட்டாள். மீதியை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“என் பங்கை இறக்கிட்டேன்” என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

மெஷின் வாயைத் திறந்துகொண்டு நின்றது. சூப்பர்வைசரம்மா கண்ணில் படாமல் அந்தக் கூடத்தில் ஈகூட உட்கார முடியாது. அவள் வந்து மெஷினைப் பார்த்தாள், மெல்லம்மாவைப் பார்த்தாள். முழங்காலைப் பிடித்து, கண்ணைத் துடைத்து, முகத்தைக் காட்டியிருந்தால் வேறு யாரையாவது கூப்பிட்டு இறக்கச் சொல்லியிருப்பாள். அந்தப் பழைய முகம் கூப்பிட்ட குரலுக்கு வரக் காத்திருந்தது. அக்காவுக்கு எல்லாம் தெரிந்த பிறகு அதை மாட்டிக்கொள்ள மெல்லம்மாவுக்கு வெட்கமாக இருந்தது. அவள் மெஷினுக்குள் கையை விட்டு ஒரு விரிப்பின் நுனியைத் தேடி இழுக்க ஆரம்பித்தாள்.

ஒவ்வொன்றாக இறக்கி முடிக்க மத்தியானமாகிவிட்டது. மணிக்கட்டு இரண்டும் வீங்கிப் பளபளவென்று ஆகிவிட்டன. நெட்டைக்கா மேஜையருகில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், ஒருதரம்கூடத் திரும்பவில்லை.

சூப்பர்வைசரம்மா போகிற போக்கில், “ஜோடி ஒத்துவரலைன்னா சொல்லிடுங்க. முடியாதவங்களுக்காக மெஷின் காத்துக்கிட்டு நிக்காது. நாளைக்கு ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவோட வாங்க” என்றாள். முடிவு என்றால் என்ன என்று மெல்லம்மாவுக்குப் புரிந்தது. நெட்டைக்காவைத் தவிர வேறு யாரும் அவளோடு ஜோடி சேர மாட்டார்கள். ஜோடி இல்லாதவளுக்கு அங்கே வேலை இல்லை.

சாயங்காலம் புருஷன் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து மணிக்கட்டில் சுற்றினான்.

“நாளைக்குப் போய் உங்க அக்கா முன்னாடி ஒரு அழுகை அழுதுடு” என்றான். “அவங்க மனசு வெண்ணெய். இந்தக் கையைப் பார்த்தாலே கரைஞ்சிடுவாங்க.”

“தெரியும். அழுதா தூக்குவாங்க.”

“அப்புறம் என்ன?”

“அப்புறம் நான் குளத்துப் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாது. போனா மறுபடியும் பொய். மறுபடியும் அந்த மூஞ்சி.”

“கொஞ்ச நாளைக்கு விடேன். வேலை முக்கியம் இல்லையா?”

அவள் மணிக்கட்டில் துணிச் சுற்றைச் சரிசெய்துகொண்டாள். “இந்த உடம்பு எனக்கு வேணாம்னு எத்தனையோ தரம் நினைச்சிருக்கேங்க. உங்ககிட்ட சொன்னதில்லை. அந்தத் தண்ணியில கிடக்கும்போதுதான் இது என் உடம்புன்னு தோணுது. வலிக்குது, இருந்தாலும் என்னோடது. அதை விடச் சொல்லாதீங்க.”

அவன் துணியை மறுபடி நனைக்கப் போனான். போன இடத்தில் நெடுநேரம் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. திரும்பி வந்தபோது அவன் கண் சிவந்திருந்தது. “சரி, இருக்கற மூஞ்சியோடவே போ. வர்றது வரட்டும்” என்றான்.

மறுநாள் அவள் இருக்கிற முகத்தோடே போனாள். தூக்கமில்லாத, வீங்கிய, கொஞ்சம் பயந்த முகம். ஆனாலும் சொந்த முகம். வேலை தொடங்குவதற்கு முன் எல்லோரும் டீ குடிக்கிற மூலையில், கவிழ்த்துப்போட்ட கூடைமேல் நெட்டைக்கா உட்கார்ந்திருந்தாள். கையில் பன்.

மெல்லம்மா நேராகப் போய் எதிரில் நின்றாள். “அக்கா, ஒரு விஷயம் சொல்லணும். நேத்து இழுத்ததுல கை சுத்தமா போச்சு. இன்னைக்கு என்னால இறக்க முடியாது. குளத்துக்குப் போறதையும் நான் விடப் போறதில்லை. ரெண்டையும் சேர்த்தே சொல்லிடறேன். நீங்க தூக்கினாலும் சரி, தூக்கலைன்னாலும் சரி, உங்ககிட்ட இனிமே நடிக்க மாட்டேன். இத்தனை நாள் நடிச்சதுக்கு மன்னிச்சுக்குங்க.”

நெட்டைக்கா பன்னை டீயில் தோய்த்துக் கடித்தாள். “எனக்கும் முதுகு போச்சுடி” என்றாள்.

“என்னக்கா?”

“முதுகு. இடுப்புக்குக் கொஞ்சம் மேல. போன வருஷத்துலேர்ந்தே இருக்கு. படுத்தா திரும்ப முடியலை. குனிஞ்சு செருப்பு மாட்ட முடியலை, பேரன்தான் மாட்டிவிடறான்.” சொல்லிவிட்டு அடுத்த வாய் கடித்தாள்.

“நீங்க சொல்லவே இல்லையே!”

“யார்கிட்ட சொல்றது? உன்கிட்டயா? உன் மூஞ்சியைப் பார்த்தா என் முதுகு வாயை மூடிக்கும். அவ்வளவு கஷ்டப்படறவகிட்டப் போய் எனக்கு இங்க பிடிக்குது, அங்க குத்துதுன்னு சொல்றதுக்கு எனக்கு வெட்கமா இருக்காதா? உன்னைவிட எனக்கென்ன வந்துதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தூக்கினேன். நேத்துக் கோபம் வந்ததே அதுக்குத்தான்.”

மெல்லம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். எப்போதும்போல நிமிர்ந்து, கம்பு நட்டமாதிரி உட்கார்ந்திருந்தாள் நெட்டைக்கா. பன்னை ருசித்துத் தின்றுகொண்டிருந்தாள். உதட்டில் சர்க்கரை ஒட்டியிருந்தது. ‘பார்த்தா அப்படித் தெரியலையே’ என்ற வார்த்தை மெல்லம்மாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இதே வார்த்தையைத் தன்னிடம் சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் எத்தனை விதமான குரல்களில் சொல்லியிருக்கிறார்கள் என்பது அந்தக் கணத்தில்தான் அவளுக்கு உறைத்தது. உடம்பெல்லாம் கூசியது. வார்த்தையை விழுங்கினாள்.

கூடையின் பின்பக்கமாகப் போய், கோணிப்போன விரல்களை நெட்டைக்காவின் முதுகில் வைத்தாள். “எங்கக்கா? இங்கயா?”

“இன்னும் கீழே. ஆங், அங்கதான். மெல்லடி!”

அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசரம்மா வந்துவிட்டாள். “என்ன, பேசி முடிச்சாச்சா? மெஷின் யார் இறக்கறது?”

நெட்டைக்கா எழுந்திருக்கப் போனாள். மெல்லம்மா அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். வலித்தது, இருந்தாலும் பிடித்த பிடியை விடவில்லை.

“எங்க மெஷின்ல இனிமே பாதிப் பாதியாத்தான் போடணும்மா. சின்னச் சின்னதா இறக்கிக்கறோம். சாயங்காலம் கொஞ்சம் சேர்த்து நின்னு முடிச்சுக் கொடுத்துடறோம்.”

“உனக்காக மெஷினையே பாதி ஓட்டச் சொல்றியா?”

“எனக்கு மட்டும் இல்லைம்மா. அக்காவுக்கும் முடியலை.”

சூப்பர்வைசரம்மா நெட்டைக்காவை ஏற இறங்கப் பார்த்தாள். “இவங்களுக்கா? இவங்களுக்கு என்ன? பார்த்தா நல்லாத்தானே இருக்காங்க?”

“ஆமாம்மா, நல்லாத்தான் இருப்பாங்க. பன்கூடத் தின்னுவாங்க” என்றாள் மெல்லம்மா. சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. முழங்காலைப் பிடிக்காமல் சிரித்தாள். “ஆனா அக்காவுக்கு வலிக்குதும்மா. நான் சொல்றேன், நம்புங்க.”

நெட்டைக்கா தின்றுகொண்டிருந்த பன்னை மடியில் வைத்தாள். கூடத்தில் அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. இப்போது எல்லோரும் பார்க்க, முகத்தை மூடிக்கொள்ளவும் தோன்றாமல் அழுதாள். மெல்லம்மா ‘அழாதீங்க’ என்று சொல்லவில்லை. முதுகில் வைத்த கையை மட்டும் எடுக்காமல் வைத்திருந்தாள்.

“சரி சரி, பாதியே போடுங்க” என்றாள் சூப்பர்வைசரம்மா.